குளம்பு சுட்ட நாட்கள்

பசித்த குதிரை கடிக்கும். அதுவும் ஒரு வேளைகூடத் தீவனம் தவறாமல் வாழ்ந்த குதிரையைத் திடீரென்று அரை வயிற்றோடு அடைத்துவைத்தால், கையெட்டும் தூரத்தில் யார் வந்தாலும் கடிக்கும். என் இடது தோளில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. சட்டையைக் கழற்றினால் மேல்வரிசைப் பல் தனியாக, கீழ்வரிசைப் பல் தனியாகத் தெரியும். கடித்த அன்றைக்கு நானும் சும்மா இருக்கவில்லை. முஷ்டியை மடக்கி அதன் மூக்கிலேயே ஒன்று விட்டேன். அது தலையைத் தூக்கிக் கொட்டகைத் தகரத்தில் இடித்துக்கொண்டது. நடக்க முடியாமல் நின்ற கிழட்டு உயிரை அடித்தேன். இதை மறைத்து எழுதினால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். சவூதியில் ஒரு சூப்பர்வைசரைக் கன்னத்தில் அறைந்துவிட்டு, ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே ஊருக்கு அனுப்பப்பட்டவன் நான். வந்து சேர்ந்த கையோடு, மிச்சம் இருந்த காசில் நானும், என்னைக் 'காக்கா' என்று கூப்பிடும் என் தம்பியும் சேர்ந்து ஒரு வெள்ளைக் குதிரை வாங்கினோம். பெட்டை. நடையில் அப்போதே ஒரு நிதானம் இருந்ததால் 'கிழவி' என்று கூப்பிட ஆரம்பித்தோம், அதுவே நிலைத்துவிட்டது. ஏரலிலும் சுற்றுவட்டாரத்திலும் பதினைந்து வருஷமாக எந்த வீட்டு மாப்பிள்ளையும் எங்கள் கிழவி மேல்தான் ஊர்வலம் போனான். எங்கள் முஸ்லிம் ஆட்கள் வீடு, இந்து வீடு என்றெல்லாம் அதற்குக் கிடையாது. நான் பேரம் பேசுவேன், சண்டை போடுவேன். தம்பி கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பான். வெடி வெடித்தாலும் மேளம் காதைக் கிழித்தாலும், அவன் "பைய, பைய" என்றால் போதும், அது அசையாது. என் சத்தம் கேட்டால் காதைப் பின்னால் மடக்கும்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. மாப்பிள்ளை இறங்கியதும், பெண் வீட்டுக்காரர்கள் குதிரைக்கு ஒரு தட்டு கொண்டுவந்து நீட்டுவார்கள். ஊறவைத்த பச்சரிசி, கருப்பட்டி, பொரிகடலை, வாழைப்பழம். மாப்பிள்ளைக்குப் பால் பழம் கொடுப்பதற்கு முன்னால் குதிரை அந்தத் தட்டைக் காலி செய்துவிட வேண்டும். மிச்சம் வைத்தால் பெண் வீட்டார் முகம் சுண்டிப்போகும். பதினைந்தாவது வருஷம் ஒரே வாரத்தில் மூன்று கல்யாணம் வந்தது. மூன்று தட்டையும் கிழவி நக்கித் துடைத்தது. நானும் தம்பியும் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றோம்.

மூன்றாவது கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் அது முன்னங்கால் இரண்டையும் நீட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்து நின்றது. ஒரு அடி எடுத்துவைக்கச் சொன்னால் உடம்பு முழுக்க நடுங்கியது. குளம்பைத் தொட்டேன். சுட்டது. திருநெல்வேலியிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார்கள். களக்காட்டுக்காரர், சின்ன வயது, பேச்சில் தயவு தாட்சண்யம் கிடையாது. குளம்புக்குள்ளே இருக்கும் சதை வெந்துபோயிருக்கிறது, அது பிடித்துக்கொண்டிருக்கும் எலும்பு கழன்று கீழே இறங்கப் பார்க்கிறது என்றார்கள். இறங்கி உள்ளங்குளம்பைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டால் அப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. காப்பாற்ற வேண்டுமானால் நாற்பது நாள் கொட்டகையை விட்டு இறக்கக்கூடாது. தானியம், தவிடு, கருப்பட்டி, பழம், பச்சைப்புல் எதுவும் கண்ணில் காட்டக்கூடாது. வெறும் வைக்கோல், அதுவும் தராசில் நிறுத்து, கொஞ்சம் கொஞ்சமாக, நாளைக்கு ஆறு தடவை. முழுப் பட்டினியும் போடக்கூடாது, அது வேறு வினை.

நான் செய்தேன். சும்மா சொல்லக்கூடாது, ஒழுங்காகச் செய்தேன். மீன் மார்க்கெட்டில் ஐஸ் வாங்கி வந்து சாக்கில் கட்டிக் குளம்பைச் சுற்றி வைத்தேன். தச்சுப்பட்டறையில் மூட்டை மூட்டையாக மரத்தூள் வாங்கிப் படுக்கை போட்டேன். காயல்பட்டினத்திலிருந்து பழைய மீன்வலைத் துண்டு ஒன்று கொண்டுவந்து வைக்கோலை அதற்குள் திணித்துத் தொங்கவிட்டேன். அப்போதுதான் ஒரு பிடியையும் நேரமெடுத்துப் பிய்த்துத் தின்னும். பழைய இரும்புக்கடையில் வாங்கிய கொக்கித் தராசில் நிறுத்து நிறுத்து என் கண் பூத்துப்போனது.

கிழவிக்கு இதெல்லாம் புரியுமா. நாலாம் நாள் கொட்டகைக் கம்பைக் கடித்துச் சிதைத்தது. ஆறாம் நாள் மரத்தூளை வாயில் அள்ளிப் போட்டு மெல்லப் பார்த்தது. ஆள் வரும் சத்தம் கேட்டாலே கனைக்கும், கையில் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் பாயும். என் தோளைக் கடித்தது அப்போதுதான். தம்பியை மட்டும் கடிக்கவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து அதன் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே இருப்பான். எனக்கு அது எரிச்சலாக இருந்தது. பாடு படுவது நான், கொஞ்சலெல்லாம் அவனுக்கா?

தெருவில் பேச்சு கிளம்பியது. வயசான உசிரை இவன் பட்டினி போட்டுக் கொல்லுதான், இனிமேல் கல்யாணத்துக்கு ஆகாது என்று தெரிந்ததும் தீர்த்துக்கட்டப் பார்க்கிறான் என்றார்கள். விலா எலும்பு தெரிய ஆரம்பித்ததும் பேச்சு இன்னும் கூடியது. பட்டப்பகலில் யாரோ தகரக்கூரை மேல் கல் எறிந்தார்கள். நான் வெளியே ஓடிவந்து, ஆள் யாரென்று தெரியாததால், தெருவில் நின்ற எல்லாரையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். எதிர்வீட்டு ஜன்னல் எல்லாம் சாத்திக்கொண்டது.

ஒருநாள் பெரிய மனுஷர் ஒருவர் தட்டோடு வந்தார். மகன் கல்யாணத்துக்குக் கிழவிதான் போயிருந்தது. மருமகள் முழுகாமல் இருக்கிறாளாம், குதிரைக்குக் கருப்பட்டி கொடுப்பதாக நேர்ச்சை வைத்திருக்கிறார்களாம். வேண்டாம் அண்ணாச்சி, தின்றால் செத்துப்போகும் என்று இரண்டு தடவை சொன்னேன். ஒரே ஒரு துண்டு, கடமையை முடிச்சிட்டுப் போயிருதேன் என்று கம்புக்கு மேலே கையை நீட்டினார். அந்தக் கையை அப்படியே முறுக்கினேன். தட்டைப் பிடுங்கி, கொட்டகையை ஒட்டி ஓடும் வாழைத்தோட்டத்து வாய்க்காலில் வீசினேன். அவர் சறுக்கிச் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். அறுபது வயதைத் தாண்டிய மனுஷர், வெள்ளை வேட்டி. என் வீட்டுக்காரி ஓடிவந்து அவரைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். அவளையும் தள்ளிவிட்டேன். குதிரையைக் காப்பாற்றுகிறேன் அல்லவா, எனக்கு அன்றைக்கு எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது.

பலனும் தெரிந்தது. பத்தாம் நாள் குளம்பில் சூடு இறங்கியிருந்தது. காலை மாற்றி மாற்றி வைக்காமல் நின்றது. ஆனால் வெறும் வைக்கோலில் வயிறு கட்டிக்கொண்டது, சாணம் கல்லாக விழுந்தது. டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். வைக்கோலைக் குறைத்துவிட்டு, பூ விட்டு முற்றிய பிறகு அறுத்த புல்லாகப் பார்த்து, காய்ந்த கட்டு வாங்கிப் போடச் சொன்னார்கள். போடுவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து வடித்துவிட்டுப் போட வேண்டும். பல் தேய்ந்த கிழவிக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று சொல்கிறார்கள் போல என்று நினைத்தேன். அவர்கள் இன்னும் ஏதோ சொல்ல வந்தார்கள். சரிங்க, சரிங்க, ஊற வச்சிருதேன் என்று போனை வைத்துவிட்டேன். யாரும் எனக்கு நீளமாக விளக்கினால் பிடிக்காது.

புல் வந்தது. நல்ல புல், கட்டைப் பிரித்தாலே மணக்கும். பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் ஊறவைத்து, வடித்து, நிறுத்து, வலையில் போட்டேன். வடித்த தண்ணீரை, பழுப்பாக, டீத்தண்ணீர் நிறத்தில் இருந்ததை, வாளியில் மொண்டு கிழவி குடிக்கும் கல்தொட்டியில் ஊற்றினேன். ஒரே மூச்சில் உறிஞ்சியது. எங்கள் ஊரில் வடித்த தண்ணீர் எதுவாக இருந்தாலும் அது போகிற இடம் ஒன்றுதான். சோறு வடித்த கஞ்சி, அரிசி களைந்த தண்ணீர், புண்ணாக்கு ஊறிய தண்ணீர், எல்லாம் மாட்டுத் தொட்டிக்குத்தான். அதைச் சாக்கடையில் ஊற்றுகிற பெண்பிள்ளையை வீட்டில் சேர்க்க மாட்டார்கள். கிழவி அந்த வாளியைப் பார்த்துக் கனைத்தபோது எனக்கு மனம் குளிர்ந்தது. பதினோரு நாளாகப் பட்டினி போட்ட கையால் ஏதோ ஒன்று கொடுக்க முடிந்ததே என்று இருந்தது.

நாலே நாளில் குளம்பு மறுபடி சுட்டது.

நான் தொட்டுப் பார்த்தேன், நம்பாமல் மறுபடியும் தொட்டேன். கணுக்காலுக்குப் பின்னால் நாடி விரலைத் தள்ளிக்கொண்டு அடித்தது. யாரோ கொடுக்கிறார்கள். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. நான் புல் வாங்கப் போகும் நேரத்தில் யாரோ உள்ளே வந்து கொடுக்கிறார்கள். யாருக்கு மனம் இளகும்? யாரைக் குதிரை கடிக்காது? இரண்டு நாள் உள்ளுக்குள்ளேயே வைத்துப் புழுங்கினேன். மூன்றாம் நாள் மதியம் நான் வந்தபோது தம்பி கொட்டகைக்குள் அதன் காலடியில் உட்கார்ந்திருந்தான். கிழவி அவன் சட்டைப் பையில் மூக்கை வைத்து நோண்டிக்கொண்டிருந்தது. பைக்குள் கையை விட்டேன். பொரிகடலை இருந்தது.

"நான் குடுக்கல, காக்கா. நான் திங்க வச்சிருந்தேன்" என்றான்.

கொட்டகைக்குக் குறுக்கே போடும் சவுக்குக் கம்பு என் கையில் இருந்தது. முதல் அடி முதுகில். அவன் எழுந்திருக்கவில்லை, குனிந்துகொண்டான். குதிரை மிரண்டு சுவரோடு ஒதுங்கி, சுட்ட காலில் நிற்க முடியாமல் சரிந்தது. அது சரிந்ததைப் பார்த்ததும் எனக்கு இன்னும் ஏறியது. இரண்டாவது அடிக்கு அவன் தலைக்கு மேல் கையைத் தூக்கினான். மணிக்கட்டில் விழுந்தது. அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன். மூன்றாவதும் அடித்தேன், அது தோளில். கூட நாலு உதை. அவன் ஒரு தடவைகூடத் திருப்பி அடிக்கவில்லை. தம்பி பெண்டாட்டி வந்து என் காலில் விழுந்து கம்பைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் நின்றேன். நின்ற பிறகும் என் வாய் நிற்கவில்லை. இது செத்தால் நீதான் கொன்னவன் லே, இந்த வாசப்படி மிதிச்சேன்னா உனக்கும் குழி வெட்டிருவேன் என்று, ஏதோ பெற்ற உம்மாவையே அவன் கொன்றுவிட்ட மாதிரி கத்தினேன்.

ஆஸ்பத்திரியில், குதிரை தட்டிவிட்டது என்று சொன்னானாம். உண்மையைச் சொல்லியிருந்தால் போலீஸ் வந்திருக்கும். கட்டுப் போட்டுக்கொண்டு, பெண்டாட்டியோடு ஸ்ரீவைகுண்டத்தில் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டான். என் வீட்டுக்காரி அதற்கப்புறம் சோற்றை வைப்பாள், பேச மாட்டாள். நான் கொட்டகைக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டேன். இனி யார் கொடுப்பார்கள், பார்த்துவிடலாம் என்று இருந்தேன்.

யாரும் கொடுக்கவில்லை. ஈ காக்கை உள்ளே வரவில்லை. நானே ஊறவைத்தேன், நானே வடித்தேன், நானே தொட்டியில் ஊற்றினேன். குளம்பு நாளுக்கு நாள் கூடுதலாகத்தான் சுட்டது. கிழவி எழுந்து நிற்பதே அபூர்வமாகிவிட்டது. படுத்தபடியே கழுத்தை நீட்டி அந்தத் தண்ணீரைக் குடிக்கும். தம்பி போய் ஒன்பது நாள் ஆகியும் சூடு குறையவில்லையே என்று யோசிக்க எனக்கு அறிவு இருந்திருக்க வேண்டும். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அவன் அவ்வளவு கொடுத்திருக்கிறான், அதனால்தான் இறங்கவே மாட்டேன் என்கிறது என்று தோன்றியது. அவன் பேரைச் சொல்லித் திட்டிக்கொண்டேதான் வாளியைத் தூக்கினேன்.

பத்தாம் நாள் டாக்டரம்மா வந்தார்கள். எக்ஸ்ரே படம் எடுக்கும் பெட்டியைக் கொண்டுவந்திருந்தார்கள். அது முடிவதற்குள் தீவன நேரம் ஆகிவிட்டது. நான் எவ்வளவு ஒழுங்காகச் செய்கிறேன் என்று அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. அவர்கள் கண்ணுக்கு முன்னால் புல்லைத் தூக்கி வடித்தேன். தராசில் மாட்டிக் காட்டினேன். பிறகு வாளியில் தண்ணீரை மொண்டு கல்தொட்டியில் ஊற்றினேன்.

"அந்தத் தண்ணிய என்ன பண்ணுதீங்க?" என்று கேட்டார்கள்.

"குடிக்கும். விரும்பிக் குடிக்கும், டாக்டரம்மா."

"தினமுமா?"

"ஆறு வேளையும்."

அவர்கள் தொட்டி அருகே போய், விரலை முக்கி நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். என்னையும் வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். இனித்தது. பெரிதாக ஒன்றும் இல்லை, லேசாக, கரும்புத் தோகையை மென்ற மாதிரி ஒரு இனிப்பு. புல்லில் இருக்கிற அந்த இனிப்புதான் அதற்கு விஷம், அதைத் தண்ணீரில் இறக்கிக் கொட்டத்தான் ஊறவைக்கச் சொன்னது என்றார்கள். அன்றைக்குப் போனில் அதைத்தான் சொல்ல வந்தேன், நீங்க வச்சிட்டீங்க என்றார்கள். குரலை உயர்த்தவில்லை. என்னை அப்போது யாராவது செருப்பால் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினார்கள். எனக்குப் படம் புரியவில்லை. குளம்பைத் தூக்கி அடிப்பக்கத்தைக் காட்டினார்கள், அது புரிந்தது. நடுவில் பிறை வடிவத்தில் விரிசல் விட்டு, ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. இரண்டு காலிலும்.

"இனிமே வச்சிருந்தா அது நம்ம ஆசைக்குத்தான். அதுக்கு இல்ல" என்றார்கள். மறுநாள் காலையில் ஊசி போட வருவதாகச் சொல்லிவிட்டு, வலி தெரியாமல் இருக்க மருந்து கொடுத்துவிட்டுப் போனார்கள்.

நான் ஸ்ரீவைகுண்டத்துக்கு பைக்கை விரட்டினேன். வழியெல்லாம் வாய்விட்டு அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். தம்பியின் மாமியார் கதவைத் திறந்தார்கள், உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. தம்பி வெளியே வந்தான். கை மாவுக்கட்டில், கழுத்தில் தொங்கியது. வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். புல், தொட்டி, இனிப்பு, போனை வைத்தது, ஒன்று விடாமல். நீ கொடுக்கவில்லை, நான்தான் கொடுத்தேன் என்று சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். முடித்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"எத்தன மணிக்கு வாறாங்க?"

ஏழு மணிக்கு என்றேன். கதவைச் சாத்திக்கொண்டான்.

ஆறரைக்கே வந்துவிட்டான். என்னைப் பார்க்காமல் நேராகக் கொட்டகைக்குள் போனான். கிழவி அவன் சத்தம் கேட்டதும் எழுந்திருக்கப் பார்த்தது, முட்டி போட்டு எழுந்து, மறுபடி விழுந்தது. அவன் அதன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து கருப்பட்டியை எடுத்து ஊட்டினான். அரைக் கட்டி. டாக்டரம்மா பார்த்தார்கள், தடுக்கவில்லை. அது நறநறவென்று மென்றது. எத்தனை நாளுக்கு அப்புறம். மென்று முடித்து, அவன் உள்ளங்கையை நக்கி முடித்த பிறகுதான் ஊசி ஏற்றினார்கள். "பைய, பைய" என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். அது போன பிறகும் சொல்லிக்கொண்டிருந்தான். நான் கம்புக்கு வெளியே நின்றேன். உள்ளே வா என்று யாரும் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை.

வாழைத்தோட்டத்துக்கு அந்தாண்டை, ஆற்றுக்குப் போகும் வழியில், தோட்டக்காரர் கொடுத்த இடத்தில் பொக்லைன் வைத்துக் குழி தோண்டினோம். அந்தப் பெரிய உடம்பைச் சங்கிலி போட்டு இழுத்துத்தான் இறக்க வேண்டியிருந்தது. கழுத்து மடங்கி விழுந்தது. தம்பி குழிக்குள் இறங்கி, ஒற்றைக் கையால் தலையைத் திருப்பி நேராக வைத்துவிட்டு ஏறினான். மண் மூடினார்கள். எல்லாம் முடிந்ததும் நான் அவன் முன்னால் போய் நின்றேன்.

"அடிலே. எடுத்து அடி. உன் மனசு ஆறுற வரைக்கும் அடி" என்றேன். நிஜமாகவே கேட்டேன். அடித்தால் தாங்கிக்கொள்ளத் தயாராக வந்திருந்தேன்.

அவன் என் முகத்தை நேராகப் பார்த்தான். அடித்த நாளுக்குப் பிறகு அப்போதுதான் பார்த்தான்.

"அடிச்சா உனக்குத்தான் ஆறும், காக்கா" என்றான்.

திரும்பி நடந்தான். குழிக்குள் இறங்கி ஏறியதில் அவன் கைலி தளர்ந்திருந்தது. நாலு எட்டு வைப்பதற்குள் அவிழ்ந்தது. நல்ல கையால் இடுப்போடு பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு கையால் முடிச்சுப் போட முயன்றான், முடியவில்லை, மறுபடி முயன்றான். சின்ன வயதில் அவனுக்குக் கைலி கட்டிப் பழக்கிவிட்டதே நான்தான். ஓடிப்போய்க் கையை நீட்டினேன். அவன் ஒரு அடி பின்னால் போனான். என்னைத் தாண்டி, பொக்லைனில் உட்கார்ந்திருந்த டிரைவரைக் கூப்பிட்டான். முன்னே பின்னே தெரியாத ஆள். "அண்ணே, கொஞ்சம் இதைக் கட்டிவிடுங்க" என்றான். அவர் இறங்கி வந்து கட்டிவிட்டார்.